பெட்டியோடு வரும் ஈர உறிஞ்சிப் பொட்டலங்கள்: எதை மறுபடி காயவைக்கலாம், எங்கே போட்டால் பலன்?

மேகமூட்டம்:

செருப்புப் பெட்டி, கைப்பை, எலக்ட்ரானிக் சாமான் என்று எதை வாங்கினாலும் உள்ளே ஒரு சின்ன ஈர உறிஞ்சிப் பொட்டலம் இருக்கிறது. தூக்கிப்போட மனம் வராமல் சேர்த்ததில் ஒரு டப்பா நிறைந்துவிட்டது. பெரும்பாலானவற்றில் கண்ணாடி உருண்டைகள். சிலவற்றில் சாம்பல் நிறக் குருணை. இரண்டொன்றில் வெள்ளைத் தூள் போலிருக்கிறது, மேலே ஒன்றும் எழுதவில்லை. ஒரு பொட்டலம் முழுக்க இறுகிக் கட்டியாகிவிட்டது. நீல உருண்டை இருந்த ஒன்று இப்போது வெளிறிய ரோஸ் நிறமாகிவிட்டது.

இவற்றை வைத்து வீட்டுப் பத்திரங்கள், பழைய போட்டோக்கள், ஒரு கேமரா, கொஞ்சம் கைக்கருவிகள் எல்லாவற்றையும் காப்பாற்ற நினைக்கிறேன். துணி அலமாரியிலும் பூஞ்சை வாடை வருகிறது. எல்லாப் பொட்டலத்தையும் ஓவனில் காயவைக்கலாமா? பொட்டலத்தோடு வைப்பதா, பிரித்துக் கொட்டுவதா? காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு பெட்டிக்கு எத்தனை போடணும்?


குடுவை:

ஓவன் பக்கம் போவதற்கு முன்னால் தரம் பிரியுங்கள். ஈர உறிஞ்சி என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே இருப்பது ஐந்தாறு வெவ்வேறு பொருள்கள். வீட்டில் நிம்மதியாகக் காயவைத்து மறுபடி பயன்படுத்த முடிவது சிலிகா ஜெல், களிமண் என்ற இரண்டை மட்டும்தான்.

தெளிவாகவோ பால்வெள்ளையாகவோ தெரியும் உருண்டைகள் சிலிகா ஜெல். இது சிலிக்கன் டை ஆக்சைடு, மணலின் அதே சேர்மம்தான். ஆனால் படிக வடிவம் இல்லாதது, உள்ளெங்கும் நுண்துளைகள். ஒரு கிராமுக்குள் பல நூறு சதுர மீட்டர் பரப்பு இருக்கிறது. தண்ணீர் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கிறதே தவிர வேதிமாற்றம் எதுவும் நடப்பதில்லை. சூடாக்கினால் விட்டுவிடும். மறுபயன்பாடு சாத்தியமாவது இதனால்தான். சாம்பல் அல்லது பழுப்புக் குருணை பெரும்பாலும் பென்டோனைட் களிமண். அதுவும் காயவைக்கக்கூடியது. ஆனால் சுமார் 50 டிகிரிக்கு மேல் போனாலே பிடித்த ஈரத்தை விட ஆரம்பித்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் களிமண் பொட்டலம் போட்டு வைப்பதில் அர்த்தமில்லை.

எழுத்தில்லாத அந்த வெள்ளைத் தூள் பொட்டலங்களை அப்படியே குப்பைக்கு அனுப்புங்கள். பிரித்துப் பார்க்க வேண்டாம், தண்ணீரிலும் போட வேண்டாம். சுட்ட சுண்ணாம்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அது தண்ணீரோடு வினைபுரிந்துதான் ஈரத்தை எடுக்கிறது. நிறையத் தண்ணீர் சட்டென்று பட்டால் கொதிக்கும் அளவுக்குச் சூடேறும், தூள் கண்ணில் பட்டால் வெந்துவிடும். பட்டுவிட்டால் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக ஏற்பாடு செய்ய வேண்டும். வினைபுரிந்து நீற்றுச்சுண்ணாம்பாக மாறியதைத் திருப்ப 500 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால் மறுபயன்பாடு என்ற பேச்சே இல்லை.

கட்டியானதன் மேல் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது ஈர உறிஞ்சியே அல்ல, ஆக்சிஜன் உறிஞ்சி. உள்ளே இரும்புத் தூளும் உப்பும் இருக்கும், துருப்பிடிப்பதுதான் அதன் வேலை, துருப்பிடித்து முடிந்ததும் இறுகிவிடும். தெரியாமல் மைக்ரோவேவில் வைத்தால் தீப்பொறி பறக்கும்.

அலமாரியில் தொங்கவிடும் பை, அடியில் தண்ணீர் சேரும் டப்பா இரண்டும் கால்சியம் குளோரைடு. தன் எடையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஈரம் இழுக்கும், இழுத்து இழுத்துத் தானே கரைசலாகிவிடும். அந்தக் கரைசலை வற்றவைத்து மீட்கலாம் என்று எங்காவது படித்தால் நம்பிச் செய்யாதீர்கள். கொதிக்கும் உப்புக்கரைசல் தெறிக்கும், பாத்திரம் அரிக்கும், கடைசியில் கிடைப்பது அரைகுறையாக ஈரம் போன கட்டி.

பூனைக்கழிவுத் தொட்டிக்கு விற்கும் சிலிகா படிகங்களை இதற்குப் பயன்படுத்தலாமா என்று அடுத்த கேள்வி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். அது பெரும்பாலும் பெருந்துளை வகை. காற்றின் ஈரப்பதம் 70, 80 சதவீதம் இருக்கும்போது தாராளமாக உறிஞ்சும், 40 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டுமென்றால் சோர்ந்துவிடும். வாசனை சேர்க்காததாக இருந்தால் கருவிப்பெட்டிக்குப் போதும், கேமராவுக்கு வேண்டாம்.

ரோஸ் நிறமாகிவிட்டது என்றீர்களே, அந்த நீல உருண்டையில் நிறம் காட்டுவது கோபால்ட் குளோரைடு. அதன் தூளை மூச்சில் இழுப்பது புற்றுநோய் அபாயம் என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. பொட்டலம் முழுசாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பிரித்துக் கொட்டாதீர்கள், உணவு, மருந்து, குழந்தைகளின் பொருள் பக்கம் வைக்காதீர்கள்.

செருப்பு, சோபா, தோல் சாமானோடு வந்த பெயரில்லாப் பொட்டலங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அப்படிப்பட்ட சிலவற்றில் பூஞ்சையைத் தடுக்க டைமெத்தில் ஃபியூமரேட் என்ற ரசாயனத்தைப் போட்டு, அது தோலில் கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பியதால் 2009-இல் ஐரோப்பாவில் அதற்குத் தடை வந்தது. வாடை அடிப்பதையும், என்ன பொருள் என்று அச்சிடாததையும் மறுபயன்பாட்டுக்கு எடுக்காமல் இருப்பது நல்லது. சிலிகா ஜெல் என்று தெளிவாக அச்சிட்டது மட்டும் போதும், உங்கள் டப்பாவில் அதுவே நிறைய இருக்கும்.


எடைக்கல்:

குடுவை பிரித்துக் கொடுத்தாயிற்று. இனி காயவைப்பது.

முதலில் ஒரு சமையல் தராசு எடுங்கள், 0.1 கிராம் காட்டுவது. நிறம் மாறும் உருண்டை, கையால் தடவிப் பார்ப்பது, குலுக்கிச் சத்தம் கேட்பது எதுவும் இதற்கு ஈடில்லை. நன்றாகக் காய்ந்த சிலிகா ஜெல் தன் எடையில் 35 சதவீதம் வரை தண்ணீர் எடுக்கும், ஆனால் அது காற்று 90 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும்போது. 50 சதவீதக் காற்றில் சுமார் 22, 20 சதவீதக் காற்றில் சுமார் 10. அதாவது 5 கிராம் பொட்டலம் 6 கிராம் காட்டினால் அது ஏறக்குறைய 45 சதவீத ஈரப்பதத்தோடு சமநிலைக்கு வந்துவிட்டது, அந்தப் பெட்டியை அதற்குக் கீழே இனி இறக்காது. மாற்ற வேண்டிய நேரம் அதுதான். காயவைத்து முடித்ததும் உலர்ந்த எடையைப் பொட்டலத்தின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். அப்புறம் சந்தேகமே வராது.

பிரிப்பதா வேண்டாமா என்றால், பொட்டலத்தின் உறை எது என்பதைப் பொறுத்தது. பளபளவென்று நார் நாராகத் தெரிந்து, கிழிக்க வராத வெள்ளை உறை டைவெக் வகை, பாலிஎத்திலீன். அது 135 டிகிரியை ஒட்டி உருகும். வீட்டு ஓவனில் 120 வைத்தால் உள்ளே ஏறி இறங்கும்போது சில நிமிடம் 140-ஐத் தொடும். ஆகவே பொட்டலத்தோடு என்றால் 100 முதல் 105 டிகிரி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல், வெப்பக் கம்பியிலிருந்து தள்ளி, நடுத்தட்டில். காகிதத்தின் உட்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும் வகையும் இதே கணக்குதான். ஈரம் உறை வழியாக வெளியேற வேண்டும், அதனால் நேரம் பிடிக்கும். 5 கிராம் பொட்டலத்துக்கே 5, 6 மணி நேரம் கொடுங்கள். 50 கிராம், 100 கிராம் பைகளுக்கு இரவு முழுவதும்கூட ஆகும். ஓவன் கதவை விரல் நுழையும் அளவு திறந்து வைத்தாலோ அரைமணிக்கு ஒருமுறை திறந்து மூடினாலோ நீராவி வெளியேறும்.

பிரித்துக் கொட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மிகாமல் தட்டில் பரப்பி, 120 டிகிரியில் 2 மணி நேரம், நடுவில் ஒரு தடவை கிளறினால் போதும். நிறமற்ற வெள்ளை ஜெல் 150 வரை தாங்கும். ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும் வகை அவ்வளவு தாங்காது, 110-க்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் சாயம் கருகிப் பழுப்பாகும். உறிஞ்சும் திறன் பெரும்பாலும் இருக்கும், நிறம் சொல்லும் வேலை மட்டும் போய்விடும்.

முடிந்ததா என்று பார்க்க ஒரே வழி, எடுத்து எடை பார்த்து, இன்னும் ஒரு மணி நேரம் ஓவனில் வைத்து மறுபடி எடை பார்ப்பது. எடை நின்றுவிட்டால் முடிந்தது. 

பலர் கோட்டை விடும் இடம் இதற்கு அடுத்தது. சூடாக எடுத்த தட்டை மேசைமேல் ஆறவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஜெல் ஆறும்போதுதான் ஆவேசமாக ஈரம் இழுக்கும். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கண்ணாடிப் புட்டியில் கொட்டி இறுக்கி மூடி, உள்ளேயே ஆறவிட வேண்டும். பிளாஸ்டிக் ஜிப் பைகள் இதற்கு லாயக்கில்லை. பாலிஎத்திலீன் வழியாக நீராவி மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும், சில மாதத்தில் ஜெல் தானாகவே நிறைந்துவிடும். அலுமினியத் தாள் ஒட்டிய பை பரவாயில்லை.

பிரித்துக் கொட்டிய உருண்டைகளைப் பெட்டிக்குள் போட உறை வேண்டும். நெருக்கமாக நெய்த பருத்தித் துணிப்பை, காபி வடிதாள், மூடியில் ஊசித்துளை போட்டு உள்பக்கம் காகிதப் பிளாஸ்டர் ஒட்டிய சின்ன டப்பா எல்லாம் சரி. உருண்டைகள் உரசி நுண்தூள் வரும். லென்ஸ், கடிகாரம், இயந்திரச் சாமான் பக்கத்தில் தூள் வராத உறைதான் வேண்டும்.


லென்ஸ்மூடி:

எத்தனை பொட்டலம்னு கேட்டிருக்கீங்க. பெட்டியோட லிட்டர் கணக்கை வச்சு அதுக்குப் பதில் சொன்னா தப்பாப் போகும். ஏன்னு பாருங்க.

30 டிகிரியில 80 சதவீத ஈரப்பதம்னா ஒரு கன மீட்டர் காத்துல சுமார் 24 கிராம் தண்ணி. 20 லிட்டர் பெட்டிக்குள்ள அரை கிராம்கூட முழுசா இல்ல. அதை 40 சதவீதத்துக்கு இறக்க கால் கிராம் தண்ணி எடுத்தா போதும், 2 கிராம் ஜெல் தாராளம். அப்படின்னா ஒரே பொட்டலம் போதுமே? போதாது. ஈரம் இருக்கிறது காத்துல இல்ல, நீங்க உள்ள வைக்கிற சாமான்ல. காகிதம் 80 சதவீத ஈரப்பதத்துல இருந்து 40-க்கு வரும்போது தன் எடையில 4, 5 சதவீதம் தண்ணியை விடும். ஒரு கிலோ பத்திரம்னா 45 கிராம் தண்ணி. 40 சதவீதத்துல ஜெல் பிடிக்கிறது தன் எடையில அஞ்சுல ஒரு பங்கு. ஆக ஒரு கிலோ காகிதத்துக்குக் கால் கிலோ ஜெல் வேணும். ஒரு கிராம் பொட்டலம் பத்துப் பதினஞ்சு போட்டுட்டு நிம்மதியா இருந்தா ஏமாத்தம்தான்.

இதுக்கு வழி, ஜெல்லைக் கூட்டுறது இல்ல. பத்திரங்களை முதல்ல வறண்ட இடத்துல காயவிடுங்க. ஏசி ஓடுற அறையில விரிச்சு, மேல மெல்லிசா ஒரு துணி போட்டு ரெண்டு நாள் வச்சா 50 சதவீதத்துப் பக்கம் தானா வந்துடும். அப்புறம் பெட்டிக்குள்ள வச்சு மூடினா 50, 100 கிராம் ஜெல் மிச்ச வேலையைப் பார்த்துக்கும். அட்டைப் பெட்டி, ஃபைல் அட்டை, கேமராவோட பஞ்சு வச்ச பை எல்லாமே ஈரத்தைத் தேக்கி வைக்கிற சாமான். அதையெல்லாம் வெளிய வச்சிடுங்க.

பெட்டி மூடியில ரப்பர் வளையம் இருக்கணும், நாலு பக்கமும் கொக்கி இருக்கணும். ஒரு காகிதத் துண்டை மூடிக்கு இடையில வச்சுப் பூட்டி இழுத்துப் பாருங்க. லேசா உருவிக்கிட்டு வந்தா அந்த இடத்துல வளையம் பிடிக்கல. எல்லாப் பக்கமும் இப்படிச் சோதிக்கணும்.

கேமரா, ரெண்டு லென்ஸ், 15 லிட்டர் பெட்டின்னா 50 கிராம் போதும். இலக்கு 40-இல் இருந்து 50 சதவீதம். 60-ஐத் தாண்டிக் கிடந்தா லென்ஸ் உள்ள பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். அதுக்காக 20-க்கு இறக்கிடாதீங்க. தோல் வார், ரப்பர் பிடி எல்லாம் வறண்டு வெடிக்கும், பழைய போட்டோ சுருண்டுக்கும், படலம் விரிசல் விடும். போட்டோவுக்கு 30-இல் இருந்து 50-க்குள்ள. மரத்துல செஞ்ச இசைக்கருவிக்கு 45-இல் இருந்து 55, அதனால அளவு பார்க்காம அந்தப் பெட்டியில ஜெல்லே போடக்கூடாது, ஒட்டின இடம் விட்டுப்போகும்.

அளவு பார்க்க ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி உள்ள வைக்கணும். அது 5 சதவீதம் முன்ன பின்ன பொய் சொல்லும். சரிபார்க்கிறது சுலபம். பாட்டில் மூடி ஒண்ணுல சமையல் உப்பைப் போட்டு, குழம்பா ஆகிற அளவுக்குச் சில சொட்டுத் தண்ணி விடுங்க. உப்பு முழுசாக் கரையக்கூடாது. அதையும் மானியையும் காத்துப் புகாத சின்ன டப்பாவுல மூடி 12 மணி நேரம் வைங்க. உள்ள ஈரப்பதம் சரியா 75 சதவீதத்துல நிக்கும். மானி 71 காட்டினா, இனிமே எப்பவும் 4 கூட்டிப் படிக்கணும்னு அதோட முதுகுல எழுதி ஒட்டிடுங்க.

துணி அலமாரிக்கு எதுவும் போடாதீங்க, வீண். 30 கிலோ பருத்தித் துணி 80 சதவீதத்துல இருந்து 50-க்கு வரணும்னா ஒரு கிலோவுக்கு மேல தண்ணி வெளியேறணும். அஞ்சு கிலோ ஜெல் கேக்கும். அதுவும் கதவே திறக்காம இருந்தா. வாடை வர்றது ஏற்கனவே வளர்ந்துட்ட பூஞ்சையில இருந்து. அதைத் துடைச்சு எடுக்காம காத்தை மட்டும் வறட்டினா வாடை போகாது. அலமாரியைச் சுவத்துல இருந்து ஒரு சாண் தள்ளுங்க, அரைகுறையாக் காஞ்ச துணியை மடிச்சு வைக்காதீங்க, சுவரே ஊறியிருந்தா காத்துல ஈரம் எடுக்கிற மின்சாதனம் ஒண்ணுதான் வழி.

நனைஞ்ச ஷூவுக்குள்ள பொட்டலம் திணிக்கிறதும் இதே கதைதான். 2 கிராம் பொட்டலம் பத்து போட்டா அதிகபட்சம் 6, 7 கிராம் தண்ணி எடுக்கும். நனைஞ்ச ஷூவுல அதைப்போலப் பல மடங்கு இருக்கும். பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணிச்சு, மின்விசிறி முன்னாடி வைங்க. முழுசாக் காஞ்சப்புறம் பெட்டியில வைக்கும்போது பொட்டலம் போடலாம்.


மேகமூட்டம்:

தெளிவாகிவிட்டது, நன்றி. எழுத்தில்லாதவை எல்லாம் குப்பைக்குப் போயாயிற்று. காந்தம் ஒட்டியது, அந்தக் கட்டி ஆக்சிஜன் உறிஞ்சிதான்.

ஓவனை இவ்வளவு நேரம் ஓடவிட வேண்டாம் என்று பார்க்கிறேன். வெயிலில் காயவைத்தால் போதாதா? மைக்ரோவேவ், வாணலி என்றும் சிலர் சொல்கிறார்கள். போன் தண்ணீரில் விழுந்தால் இந்தப் பொட்டலங்களோடு மூடி வைப்பது உதவுமா?


எடைக்கல்:

வெயில் பிரயோஜனமே இல்லை என்று சொல்பவர்களும் தவறு, வெயிலே போதும் என்பவர்களும் தவறு. ஜெல் காய்வதற்குத் தண்ணீர் கொதிக்க வேண்டியதில்லை. ஜெல்லைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பத சதவீதம் எவ்வளவு தாழ்கிறதோ அந்த அளவுக்கு அது ஈரத்தை விடும். 30 டிகிரி, 70 சதவீதக் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதையே 45 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 31 சதவீதமாகிறது, 60 டிகிரியில் 15, ஓவனின் 120 டிகிரியில் ஒன்றரை சதவீதம். காற்றில் இருக்கும் தண்ணீர் அதேதான், சூட்டில் சதவீதம் மட்டும் விழுகிறது.

ஆகவே கறுப்புத் தட்டில் பரப்பி, மேலே சாய்வாகக் கண்ணாடி வைத்து, கீழே காற்று போக இடைவெளி விட்டு உச்சி வெயிலில் 60 டிகிரி எட்டினால், ஜெல்லில் இன்னும் 8 சதவீதம் தண்ணீர் மிச்சமிருக்கும். அதாவது 40 சதவீதத்தில் பிடிக்கக்கூடிய திறனில் பாதிக்குச் சற்று மேல் கிடைக்கும். கருவிப்பெட்டி, பத்திரப் பெட்டிக்கு இது போதும், அளவைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் வரை வெளியே விட்டால் பகலில் விட்டதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளும். வெயில் சாயும் முன்னே, சூடு இருக்கும்போதே புட்டிக்குள் போக வேண்டும்.

பழம் காயவைக்கும் மின் உலர்த்தி இருந்தால் அதுதான் பொட்டலங்களுக்கு மிகப் பொருத்தம். 70 டிகிரியில் காற்றோட்டத்தோடு 8 மணி நேரம். மிச்ச ஈரம் 5, 6 சதவீதத்துக்கு வந்துவிடும், உறை உருகும் பயமில்லை, மின்செலவும் ஓவனைவிடக் குறைவு. நிறம் சேர்த்த ஜெல்லை மட்டும் உணவுக்கான உலர்த்தியில் போடாதீர்கள்.

மைக்ரோவேவ் வேலை செய்யும், ஆனால் பிடிவாதமான கருவி. அது சூடாக்குவது ஜெல்லை அல்ல, உள்ளே இருக்கும் தண்ணீரை. நிறைந்த உருண்டைக்குள் சட்டென்று ஆவி கிளம்பினால் உருண்டை வெடித்துத் தூளாகும். ஒரு பக்கம் கொதிக்கும், மறுபக்கம் அப்படியே இருக்கும். கட்டாயம் செய்தாக வேண்டுமென்றால், பிரித்து அகலமான கண்ணாடித் தட்டில் பரப்பி, டிஃப்ராஸ்ட் என்ற குறைந்த சூட்டில் 2, 3 நிமிடம் ஓட்டி, கதவைத் திறந்து ஆவியை விட்டு, கிளறி, மறுபடி ஓட்ட வேண்டும். எடை குறைவது நின்றதும் நிறுத்திவிடுங்கள். பொட்டலத்தோடு வைக்காதீர்கள், அச்சு மையிலோ உறையிலோ உலோகம் இருந்தால் பற்றிக்கொள்ளும்.

வாணலி என்றால் அடிகனமானது, மிகச் சிறிய தீ, விடாமல் கிளறல், 20 முதல் 30 நிமிடம். சூடு தெரியாமல் செய்வதால் வெள்ளை ஜெல்லுக்கு மட்டும்தான் சரி. வெடித்துத் தெறிப்பதால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

போன் விஷயத்தில் பொட்டலத்தின் பங்கு குறைவு. கெடுப்பது ஈரம் மட்டுமல்ல, அதில் கரைந்திருக்கும் உப்புகள், மின்சாரம் ஓடும்போது அரிக்கும். உடனே அணைத்து, சார்ஜ் போடாமல், துளைகள் கீழ்நோக்க வைத்து விசிறிக் காற்றில் விடுவதுதான் முக்கியம். மூடிய டப்பாவில் பொட்டலங்களோடு அடைத்தால் காற்றோட்டம் நின்றுவிடும். கடலிலோ குளிர்பானத்திலோ விழுந்ததென்றால் திறந்து சுத்தம் செய்யாமல் எதுவும் காப்பாற்றாது.


விதைப்பை:

வீட்டில் சிலிகா ஜெல்லுக்கு உண்மையிலேயே பொருந்தும் வேலை ஒன்றை யாரும் சொல்லவில்லை. அடுத்த பருவத்துக்கு எடுத்து வைக்கும் விதைகளை உலர்த்துவது.

விதை எடை எவ்வளவோ அதே எடைக்கு நன்றாகக் காய்ந்த ஜெல். விதைகளைக் காகித உறையில் போட்டு, இரண்டையும் ஒரே கண்ணாடிப் புட்டியில் இறுக்கி மூடி ஒரு வாரம் வைத்தால் போதும். ஜெல் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு போட்டால் முளைப்புத்திறன் போய்விடும். மெல்லிய நீள விதையை வளைத்துப் பாருங்கள், மடங்கினால் ஈரம் இருக்கிறது, படக்கென்று ஒடிந்தால் காய்ந்தது. அதன்பின் ஜெல்லை எடுத்துவிட்டு வேறு காய்ந்த புட்டியில் அடைத்துக் குளிரில் வைக்கலாம். வெளியே எடுக்கும்போது புட்டி அறையின் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் விதைமேல் நீர் பூக்கும். அவரை, பயறு வகைகளை அளவுக்கு மீறி உலர்த்தினால் தோல் இறுகித் தண்ணீரே உள்ளே போகாது. மா, பலா போன்றவற்றின் விதை காய்ந்தாலே செத்துவிடும், அவற்றுக்கு இந்த முறையே கூடாது.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் பிளாஸ்டிக் இழை வைத்திருப்பவர்களும் ஜெல் போடுகிறார்கள். ஏற்கனவே ஈரமேறிய இழையை ஜெல் காயவைக்காது, அதற்குச் சூடு வேண்டும். காயவைத்த இழையை அப்படியே காப்பதுதான் ஜெல்லின் வேலை. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதால் வெயிலில் பாதி காய்ந்த ஜெல் இதற்கு ஆகாது, ஓவனில் காய்ந்ததுதான்.


குடுவை:

மருந்துப் புட்டி பற்றிக் கடைசியாக. மாத்திரைப் புட்டிக்குள் வரும் குப்பியை எடுத்து வேறு இடத்துக்குப் பயன்படுத்தாதீர்கள், வேறு பொட்டலத்தை எடுத்து அதற்குள்ளும் போடாதீர்கள். அந்த மருந்துக்கு எவ்வளவு வறட்சி வேண்டும் என்று கணக்கிட்டு வைத்தது அது. ஜெலட்டின் கேப்ஸ்யூல் உறையில் இயல்பாகவே 13 முதல் 16 சதவீதம் தண்ணீர் உண்டு. கூடுதல் ஜெல் போட்டு அதை உறிஞ்சினால் உறை நொறுங்கும். சர்க்கரை அளவு பார்க்கும் பட்டைகளின் குழாயில் ஈர உறிஞ்சி குழாயோடு சேர்ந்தே இருக்கும், பட்டைகளை வேறு டப்பாவுக்கு மாற்றவே கூடாது. 

காது கேட்கும் கருவியை இரவில் ஜெல் உள்ள டப்பாவில் வைப்பது நல்ல பழக்கம். மாற்றிப் போடும் பேட்டரி வகையாக இருந்தால் அதை முதலில் கழற்றி வெளியே வையுங்கள். துத்தநாகக் காற்று பேட்டரிக்குள் இருக்கும் நீர்க்கரைசல் வறண்டுபோய் ஆயுள் குறைந்துவிடும். டப்பாவின் பேட்டரிக் கதவையும் திறந்தே வைத்தால் உள்ளே தங்கிய வியர்வை ஈரம் வெளியே வரும்.


மேகமூட்டம்:

கருவியின் பேட்டரிக் கதவைத்தானே சொல்கிறீர்கள்?


குடுவை:

ஆமாம், கருவியின் கதவு. டப்பாவின் மூடி இறுக்கமாகவே இருக்கட்டும்.